தயிர் கீரையான வருஷம்

ஐம்பதுகளின் கடைசியில், விலங்கியலில் பட்டம் வாங்கிய கையோடு, திண்டிவனத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் எனக்கு இயற்கை விஞ்ஞான ஆசிரியர் வேலை கிடைத்தது. வீடு விழுப்புரத்தில். தினமும் ரயிலில் போய்வரலாம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். நானும் கொஞ்ச நாள் போய்வந்தேன். முதல் மணி அடித்த பிறகே பாசஞ்சர் வண்டி திண்டிவனம் வந்து சேர்வது வழக்கமாகிவிடவே, கோர்ட்டுக்குப் பின்புறத்துத் தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். சாப்பாட்டுக்கு அதே தெருவில் ஒரு மெஸ் இருந்தது.

அதை நடத்தியவர் முகையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவ அம்மாள். எல்லோரும் மெஸ்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கூடத்தில் கிழக்குச் சுவர் ஓரம் சைவக்காரர்கள் உட்கார வேண்டும், மேற்குச் சுவர் ஓரம் கவுச்சிக்காரர்கள். முட்டை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு நடுவில், தூண் பக்கம் இடம். நான் எல்லாம் சாப்பிடுகிறவன்தான். ஆனால் நான் முதல்நாள் போனபோது மேற்குச் சுவரில் இடமில்லாததால் தூண் பக்கம் உட்கார்ந்தேன். அதிலிருந்து நான் முட்டை என்று முடிவாகிவிட்டது. மீன் கேட்டால் மெஸ்ஸம்மா சந்தேகமாகப் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை அங்கே ஆட்டுக்கறி கிடையாது, அவர்கள் வேதத்தில் விலக்கு. ஆனால் மீன் குழம்பு உண்டு. வந்த புதிதில் நான் அவரிடம் கேட்டேன்:

"ஏம்மா, மீனும் முதுகெலும்பு உள்ள பிராணிதானே?"

"இருந்துட்டுப் போவுது சார். வெள்ளிக்கிழம அது கறில சேராது."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல யாரு கேக்கறாங்க?"

கல்லூரியில் மூன்று வருஷம் வகைப்பாட்டியல் படித்துவிட்டு வந்தவனுக்கு இது பொறுக்குமா? எந்த உயிரைக் கண்டாலும், அது எந்த வகுப்பு, எந்தக் குடும்பம், யாருக்கு யார் உறவு என்று சொல்லாவிட்டால் அப்போது எனக்குத் தூக்கம் வராது. மூஞ்சூறு எலியே அல்ல, வௌவால் பறவையே அல்ல என்று, கேட்காதவர்களையும் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிழக்குச் சுவரில் நிரந்தரமாக உட்காருகிறவர் எங்கள் பள்ளித் தமிழாசிரியர், எல்லோருக்கும் தமிழையா. கழுத்தைச் சுற்றித் துண்டு, நெற்றி நிறைய விபூதி. பேச்சு எப்போதும் இலக்கணமாகத்தான் இருக்கும். குடும்பம் விழுப்புரத்தில், அதனால் சனிக்கிழமை மத்தியானம் ரயிலேறிவிடுவார். மேற்குச் சுவரில் அவருக்கு நேர் எதிரே உட்காருகிறவர் கோர்ட்டு அமீனா. ஜப்திக்குப் போய் அண்டா குண்டாவைத் தூக்கி வருவது அவர் உத்தியோகம். இறால் என்றால் உயிரை விடுவார். இருவருக்கும் ஆகாது. ஆகாது என்றால் பேசமாட்டார்கள் என்று அர்த்தமில்லை, ஓயாமல் பேசுவார்கள். நடுவில் தூணோரம் உட்கார்ந்திருந்த என் தலைக்கு மேலாகத்தான் அத்தனை பேச்சும் போய்வரும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், பிரம்மதேசத்துப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கூடை நிறையப் புற்றுக்காளான் கொண்டுவந்தாள். மெஸ்ஸம்மா சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு அதை வறுத்து, இரண்டு சுவருக்கும் பரிமாறினார். தமிழையா ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மையே, இஃது என்ன காய்?"

"காளானுங்க ஐயா."

"இன்னும் கொஞ்சம் இடுங்கள்."

மூன்றாம் முறை வாங்கும்போதுதான் அமீனா மேற்கிலிருந்து குரல் கொடுத்தார். "ஐயா இன்னிக்கு கறிய வெளுத்துக் கட்டறாரு."

தமிழையாவின் கை இலையில் நின்றது. "யாது கூறினீர்?"

"மெல்லும்போதே தெரியலீங்களா? எலும்பில்லாத ஆட்டுக்கறி கணக்கா இல்ல?"

தமிழையா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் விஞ்ஞானம் கற்றவர். காளான் தாவரமா, பிராணியா? ஒரே சொல்லில் கூறும்."

"தாவரம்தான் ஐயா."

அமீனா விடவில்லை. கோர்ட்டில் தினமும் வக்கீல்கள் குறுக்கு விசாரணை செய்வதைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் அது வந்துவிட்டது.

"சார், காளானுக்கு எல உண்டா?"

"இல்லை."

"பூ?"

"இல்லை."

"பச்ச நெறம்?"

"இல்லை."

"தன் சோத்தத் தானே வெயில்ல ஆக்கிக்கும்னு செடியப் பத்திச் சொன்னீங்களே, அந்த மாதிரி ஆக்கிக்குமா?"

"ஆக்கிக்காது. மக்கின பொருளைத் தின்னுதான் வளரும்."

"எல இல்ல, பூ இல்ல, பச்ச இல்ல, சொந்தமா ஆக்கவும் தெரியாது, அடுத்ததத் துன்னுகினு கெடக்குது. இத இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு செடின்றீங்க?"

"புத்தகத்தில் அப்படித்தான் இருக்கு" என்றேன். அதைவிட நல்ல பதில் அப்போது உலகத்தில் யாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. நகராத உயிர் எல்லாம் தாவரம், நகர்வது எல்லாம் பிராணி என்று பெரியவர்கள் என்றைக்கோ இரண்டு சுவராகப் பிரித்துவிட்டார்கள். காளான் நகரவில்லை, அதனால் கிழக்குச் சுவர்.

தமிழையா எழுந்து கை கழுவினார். அன்று அவர் வெற்றிலைகூடப் போடவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இரவெல்லாம் யோசித்திருப்பார் போலிருக்கிறது. நம் பழைய இலக்கணக்காரர்கள் உயிர்களை அறிவை வைத்துப் பிரித்திருக்கிறார்கள், தொட்டால் மட்டும் உணர்வது ஓரறிவு, புல்லும் மரமும் அதில் சேர்ந்தவை, அதற்கு மேல் ருசி, மோப்பம், பார்வை என்று ஏறிக்கொண்டே போகும் என்று விளக்கினார். "ஆகவே தம்பி, காளானுக்குத் தொடு உணர்வு மட்டும் உண்டென்று நிறுவிவிட்டால் போதும். அது புல்லுக்குச் சமானம். நான் பிழைத்தேன்."

பள்ளிக்குப் பின்னால், கிணற்றடியில் ஒரு காளான் குடை முளைத்திருந்தது. நாங்கள் இருவரும் அதன் இரண்டு பக்கமும் குந்தினோம். அவர் ஓர் ஈர்க்குச்சியால் மெதுவாக அதன் குடையைத் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தொட்டார். பிறகு என்னைத் தொடச் சொன்னார், சைவர் தொட்டால் அது கண்டுகொள்ளாதோ என்று. நானும் தொட்டேன். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் அந்தப் பக்கம் வந்தார்.

"ரெண்டு பேரும் இங்க என்ன தேடறீங்க?"

"உணர்ச்சியை" என்றார் தமிழையா.

தலைமையாசிரியர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அவர் என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிடவில்லை.

காளானுக்குத் தொடு உணர்வுகூட இல்லையென்றால் அது ஓரறிவிலும் சேராது. உயிரே இல்லையென்றும் சொல்ல முடியாது, வளர்கிறதே. தமிழையா முகம் வாடிப்போய் நின்றார். அவரைத் தேற்றுகிறேன் பேர்வழி என்று நான் ஒரு காரியம் செய்தேன். "ஐயா, உயிரைத் தின்னாமல் யாருமே இருக்க முடியாது. நீங்கள் தினமும் சாப்பிடுகிற தயிரில் எத்தனை கோடி உயிர் இருக்கிறது தெரியுமா? இதையெல்லாம் பார்த்தால் முடியுமா?" என்று சொன்னதோடு நிற்காமல், பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே மைக்ராஸ்கோப்பில் ஒரு துளித் தயிரைத் தண்ணீர் கலந்து வைத்து, வாருங்கள் என்று கூப்பிட்டேன்.

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயிலில் குனிகிற மாதிரி குனிந்து பார்த்தார். வெகுநேரம் தலையைத் தூக்கவே இல்லை.

"குச்சி குச்சியாக இருக்கின்றனவே."

"ஆமாம் ஐயா. பாக்டீரியா."

"ஆடுகின்றனவே!"

"ஆமாம் ஐயா" என்றேன் பெருமையாக.

அவர் நிமிர்ந்தார். இலக்கணம் எல்லாம் போய்விட்டது. "அடப் பாவி, இவ்ளோ நாளா இதையா பெசஞ்சிக்கினு இருந்தேன்?" என்றார்.

தயிர் சாதம்தான் அந்த மனிதரின் ஜீவன். குழம்பு, ரசம் எல்லாம் அவருக்குத் தயிருக்குப் போகிற வழியில் வரும் சின்ன ஸ்டேஷன்கள். அன்று மத்தியானம் மெஸ்ஸம்மா தயிர்ச் சட்டியோடு வந்தபோது அவர் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார். அடுத்த நாள் மோரையும் விட்டார். மாவு புளிப்பதும் இந்த மாதிரிச் சங்கதிதான் என்று யாரோ சொல்ல, இட்லியும் தோசையும் போயின. கடைசியில் வெறும் ரசஞ்சோறும் வேகவைத்த மல்லாட்டைக் கடலையும்தான் மிஞ்சின. சனிக்கிழமை விழுப்புரம் போனவர் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே திரும்பிவிட்டார். வீட்டில் அவருடைய மனைவி தோய்த்து வைத்திருந்த தயிரை இவர் அது ஆடுகிறது என்று சொல்லி வேண்டாம் என்றிருக்கிறார். அந்த அம்மாள், பேய் பிடித்திருக்கிறதா என்று மந்திரிக்க ஆள் கூப்பிடப் போய்விட்டாராம்.

அமீனாவுக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு வேளையும் தயிரைக் கரண்டி கரண்டியாக ஊற்றிப் பிசைந்து, "ஆடுங்கடா ஆடுங்க" என்று அதோடு பேசிக்கொண்டே சாப்பிடுவார். தமிழையா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

கோட்டக்குப்பம் கடற்கரையிலிருந்து கூடையில் இறால் வந்த ஒரு நாள். மெஸ்ஸம்மா தொக்காகச் சுண்டவைத்திருந்தார். அமீனா முதல் இறாலை வாயருகே கொண்டுபோகும்போது நான் கேட்டேன்:

"சார், எறாவுக்கு மீசை உண்டில்லையா?"

"நீளமா இருக்கும் சார். அழகு."

"எலும்பு?"

"ஏது? மேல ஓடுதான்."

"வளரும்போது அந்த ஓட்டைக் கழட்டிட்டுப் புது ஓடு போட்டுக்கும். காலெல்லாம் துண்டு துண்டா மூட்டு வெச்சிருக்கும். வயிறு அடுக்கடுக்கா இருக்கும். இந்த லட்சணம் எல்லாம் இன்னொருத்தருக்கும் அப்படியே இருக்கு."

"யாருக்கு?"

கடவுள் அன்று என் பக்கம் இருந்தார். முற்றத்துச் சாக்கடை ஓட்டையிலிருந்து ஒரு கரப்பான் பூச்சி வெளியே வந்து, மீசையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு நின்றது.

"இவருக்குத்தான்" என்றேன். "ரெண்டு பேரும் பங்காளி. ஒரே பாட்டன் வழி. இவர் தரையிலே தங்கிட்டார், அவர் தண்ணியிலே தங்கிட்டார்."

அமீனா கரப்பானைப் பார்த்தார், கையிலிருந்த இறாலைப் பார்த்தார். இறாலை மெதுவாக இலையின் ஓரத்தில் வைத்தார். கிழக்குச் சுவரிலிருந்து தமிழையா தொடையில் தட்டிச் சிரித்தார். நண்டையும் வண்டையும் நம் முன்னோர்கள் அன்றே ஒரே வரிசையில் வைத்துவிட்டார்கள், இதில் அதிசயம் என்ன என்று இலக்கணம் முழுவதும் திரும்ப வந்துவிட்டது அவருக்கு.

அமீனா அன்றோடு இறாலை நிறுத்திவிட்டார்.

மெஸ்ஸம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். அவர்கள் இருவருக்கும் என்று எடுத்துவைத்த ஒரு சட்டித் தயிரும் ஒரு சட்டி இறால் தொக்கும் அப்படியே மீந்தன. அதற்கப்புறம் நான் போய் உட்கார்ந்ததும், இரண்டு சட்டியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இன்னாம்மா இது?"

"எல்லா ஜீவனயும் கண்டுகினது நீங்கதான? நீங்களே துன்னுங்க."

"இவ்வளவையுமா?"

"பெரிய பேஜாரா போச்சு சார் உங்களால. ஒருத்தரு மல்லாட்டைய கொறிச்சிக்கினு எழுந்து போறாரு. இன்னொருத்தரு எலயில மீசைய தேடிக்கினு ஒக்காந்துக்கினு இருக்காரு. அவங்க ரெண்டு பேரயும் பழையபடி துன்ன வைங்க. அதுவரைக்கும் உங்களுக்கு இதுதான் சோறு. ஜல்தி பண்ணுங்க."

அந்த அம்மாள் சொன்னால் செய்கிறவர். காலை இறால், மத்தியானம் தயிர், ராத்திரி இரண்டும். நான் முட்டை வரிசை என்பதையும் மறந்துவிட்டார். என் வயிறு படுத்திய பாட்டை இங்கே எழுத முடியாது. வகுப்பில் பாடம் நடத்தும்போது நடுவில் வெளியே ஓடுகிற ஆசிரியர் என்று எனக்குப் பேர் வந்துவிட்டது.

முதலில் அமீனாவைப் பிடித்தேன். கோர்ட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றார்.

"சார், எறாவும் கரப்பானும் பங்காளின்னு சொன்னேனே, அது கிட்டத்து உறவு இல்லை. ரொம்ப தூரம்."

"எவ்ளோ தூரம்?"

"பல கோடி வருஷத்துக்கு முன்னாடியே பிரிஞ்சு போச்சு."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பாகம் பிரிஞ்சாச்சா?"

"பிரிஞ்சாச்சு."

"ஒருத்தரு சொத்துல இன்னொருத்தருக்குப் பாத்யத இல்லயே?"

"இல்லை சார். கடல் அவங்களுது, சாக்கடை இவங்களுது."

"கோடி வருஷம்னா எத்தினி தலமொற ஆயிருக்கும்! எங்க ஜனத்துல ஒரு பத்து தலமொற தாண்டிட்டாலே ஒருத்தரு செத்தா இன்னொருத்தருக்குத் தீட்டு கெடையாது சார். தல முழுகிட்டுப் போய்க்கினே இருப்போம்." அவர் முகம் மலர்ந்தது. "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? தீட்டே இல்லாத ஒறவுக்கா நான் பட்டினி கெடந்தேன்?"

உயிர்களின் உறவு எவ்வளவு நெருக்கம், எவ்வளவு தூரம் என்பதை அதற்குப் பிறகு முப்பது வருஷம் வகுப்பில் இந்தத் தீட்டை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். குரங்கு செத்தால் நமக்குக் கொஞ்சம் தீட்டு, மாடு செத்தால் குறைவு, மீனுக்கு முழுகினால் போதும். பையன்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

தமிழையா அவ்வளவு சுலபமாக மடங்கவில்லை. என் படிப்பு விலங்கியல், தாவரவியல் எனக்கு அரைகுறை. சும்மா இருக்கட்டும் என்று தாவரவியல் புத்தகத்தை எடுத்துப் புரட்டியபோது, முதல் சில பக்கங்களிலேயே பாக்டீரியா இருந்தது! பாசி, காளான் எல்லாவற்றுக்கும் பக்கத்தில், தாவர உலகத்தின் கடைசிப் படியில் அதை உட்காரவைத்திருந்தார்கள். நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஐயா, தயிரில் இருக்கிறது பிராணி இல்லை. தாவரம்!"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆங்கில வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்தார். "அச்சில் இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டார். "ஆனால் தம்பி, ஆடிற்றே?"

அதற்கும் வழி இருந்தது. மைக்ராஸ்கோப்பில் ஒரு துளித் தண்ணீரில் கறுப்பு மையைத் தொட்டு வைத்துக் காட்டினேன். மைத் துகள்களும் அதே மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தன. "இதற்கு உயிர் இல்லையே ஐயா. தண்ணீர்தான் இடித்து இடித்து ஆட்டுகிறது. தயிரிலும் அதே கதைதான்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "ஆகவே தயிர் என்பது..."

"சொல்லப்போனால், பாலில் முளைத்த ஒரு கீரை மாதிரி ஐயா."

அன்று மத்தியானம் கூடமே எழுந்து நின்றுவிடும் போலிருந்தது. மெஸ்ஸம்மா சட்டியோடு வந்து, "ஐயாவுக்குக் கீரை!" என்று சொல்லி ஊற்றினார். தமிழையா பிசைந்து, ஒரு உருண்டை வாயில் வைத்து, கண்ணை மூடினார். கண்ணோரத்தில் ஈரம் தெரிந்ததாக அமீனா பின்னால் சொன்னார், நான் பார்க்கவில்லை. நான் எனக்கு முன்னால் வந்த வெறும் ரசஞ்சோற்றை வணங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்த மெஸ்ஸில் தயிருக்குத் தயிர் என்று பேரே இல்லை. புதிதாக வருகிற ஆள், "இன்னொரு கரண்டி கீரை" என்று கேட்கிறவரைப் பார்த்து முழிப்பான்.

காளானை மட்டும் அவர் மன்னிக்கவில்லை. அதே புத்தகத்தில் அதுவும் தாவரம் என்றுதான் இருந்தது. "இலை இல்லாதது குறித்து இன்னும் ஐயம் தீரவில்லை" என்றார். தயிருக்கும் இலை இல்லையே என்று நான் கேட்கவில்லை. மறுபடி இரண்டு சட்டி சாப்பிட என்னால் முடியாது.

வருஷங்கள் போயின. தமிழையா ஓய்வு பெற்று விழுப்புரத்தோடு போய்விட்டார். அறுபதுகள் முடியும் தறுவாயில், ஆசிரியர்களுக்கான ஒரு கோடைப் பயிற்சிக்குச் சென்னை போயிருந்தேன். அங்கே ஒரு விரிவுரையாளர், உயிர்களைத் தாவரம், பிராணி என்று இரண்டாகப் பிரித்தது போதாது என்று இப்போது சொல்கிறார்கள், காளானுக்குத் தனி ராஜ்யம் கொடுத்துவிட்டார்கள் என்றார். எனக்குத் தமிழையா நினைவு வந்து சிரித்துக்கொண்டேன். அடுத்த வாக்கியத்தில், பாக்டீரியாவையும் தாவரத்திலிருந்து தூக்கிவிட்டார்கள் என்றார். என் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வருஷம் மழை தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். பாக்டீரியாவைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அவர் ஈசிசேரில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். உள்ளே மருமகள் மிளகு போட்டுக் காளான் வதக்கும் வாசனை தெருவரைக்கும் வந்தது.

"பார்த்தீரா தம்பி? சைவ வீட்டில்!"

உள்ளேயிருந்து மருமகள் குரல் வந்தது: "அது செடிதான் மாமா. எங்கம்மா வீட்ல எல்லாரும் துன்னுவோம்."

"ஐயா, ஒரு சேதி" என்றேன். "காளான் செடி இல்லையாம்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் அன்றே கூறவில்லையா?"

"ஆனால் பிராணியும் இல்லையாம். அதற்குத் தனி ராஜ்யமே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்."

"தனியாகவா? ஆந்திரம் பிரிந்ததுபோலவா?"

"அதே மாதிரிதான்."

அவர் ஈசிசேரின் கையை விரலால் தட்டிக்கொண்டே யோசித்தார். "பிராணி அன்று. ஆகவே கவுச்சி என்று எவரும் கூற இயலாது."

"இயலாது ஐயா."

"வேறெதையேனும் இவ்வாறு பிரித்தார்களா?"

"அதெல்லாம் இன்னும் முடிவாகலை ஐயா" என்றேன், வாசலைப் பார்த்துக்கொண்டு.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். எத்தனையோ வருஷத்துப் பசி அவர் நடையில் தெரிந்தது. மருமகள் இரண்டு இலை போட்டாள். காளானைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு அவர் இலையில் பொரியல் வைக்கும் இடத்துக்குப் போனபோது தடுத்துவிட்டார்.

"அங்கே வைக்காதே. அது காய்கறிக்கு உரிய இடம். இது தனி ராஜ்யம்."

"ஊறுகா பக்கத்துல வெக்கட்டா மாமா?"

"ஊறுகாய் மாங்காய். அதுவும் தாவரம்."

"அப்ப எங்கதான் வெக்கறது? எலயில எடமே இல்லயே. டம்ளர்ல போட்டுத் தரட்டா?"

அவர் என்னைப் பார்த்தார். விஞ்ஞானத்தில் அதற்குத் தடை ஏதும் இல்லை என்று சொன்னேன். அவள் பித்தளை டம்ளர் நிறையக் காளான் போட்டு, ஒரு கரண்டியும் வைத்துக் கொண்டுவந்தாள். அவர் டம்ளரை இலைக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். முடித்ததும் இன்னொரு டம்ளர் கேட்டார்.